புதிய ஆல்பத்தை இணையத்தில் ரசிகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? லேபிள்களுக்கான கேள்வி பதில்கள்

சிறிய, நடுத்தர இசை லேபிள்களில் வெளியீட்டு வேலையைப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. கீழே உள்ள பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை ஒன்றுதான்: புதிய ஆல்பத்தை முதலில் கேட்க வேண்டியவர் அந்தக் கலைஞரை ஏற்கெனவே விரும்பிக் கேட்பவர். அவருக்கே செய்தி போய்ச் சேராதபோது, முன்பின் தெரியாதவர்களைத் தேடிப்போவதில்தான் லேபிளின் பணமும் நேரமும் அதிகம் வீணாகின்றன.

வெளியீட்டு நாளுக்கு எத்தனை வாரம் முன்னால் தொடங்க வேண்டும்?

குறைந்தது 12 வாரம். இறுதி மாஸ்டர், அதாவது வெளியிடத் தயாரான ஒலிப்பதிவு, கைக்கு வந்த நாளிலிருந்துதான் இந்தக் கணக்கு. மிக்சிங் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் தேதியை அறிவித்துவிட்டு, பிறகு தள்ளிப்போடுவது ரசிகர்களை விட டிஸ்ட்ரிபியூட்டரையும் (பாட்டுகளை இசைத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) பத்திரிகையாளர்களையும்தான் அதிகம் எரிச்சலூட்டும். அடுத்த முறை நீங்கள் சொல்லும் தேதியை அவர்கள் நம்ப மாட்டார்கள்.

12ஆம் வாரத்தில் (வாரங்களை வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்) மாஸ்டர், கவர், பாடல் வரிகள், பங்களித்த எல்லோருடைய பெயர்கள், புகைப்படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். 10ஆம் வாரத்தில் முதல் சிங்கிளையும் (ஆல்பத்துக்கு முன் தனியாக வெளியிடும் பாட்டு) முழு ஆல்பத்தையும் சேர்த்தே டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்புங்கள். ஆல்பம் எதற்கு அவ்வளவு முன்னால் என்று பலர் கேட்பார்கள். ஆல்பம் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அதற்கான ப்ரீ-சேவ் லிங்க்கை (வெளியாகும் முன்பே ரசிகர் தன் நூலகத்தில் சேர்த்துவைக்க உதவும் லிங்க்) உருவாக்க முடியும். சிங்கிளை மட்டும் அனுப்பிவிட்டு ஆல்பத்தை அறிவிக்கும் லேபிள்கள், அறிவிப்பு நாளில் ரசிகரிடம் கொடுக்க லிங்க் இல்லாமல் நிற்கின்றன. ஆர்வம் அதிகமாக இருக்கும் அந்த ஒரு நாள் போனால் போனதுதான். 8ஆம் வாரத்தில் அறிவிப்பும் முதல் சிங்கிளும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு சிங்கிள்.

வினைல் உண்டென்றால் கணக்கே வேறு. தட்டு அச்சாகி வரப் பல மாதங்கள் ஆகலாம். ஆலையிடமிருந்து உறுதியான தேதி எழுத்தில் வரும்வரை வெளியீட்டுத் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமைதான் வெளியிட வேண்டுமா?

2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய இசை வெளியாகும் நாளாக வெள்ளிக்கிழமை ஆனது. தளங்களின் 'புதிய வெளியீடு' பிளேலிஸ்ட்கள் பெரும்பாலும் அன்றைக்குத்தான் மாறுகின்றன. புதிய பாட்டுகளை ஒவ்வொரு ரசிகருக்கும் தனியாகத் தொகுத்துத் தரும் ஸ்பாட்டிஃபையின் 'ரிலீஸ் ரேடார்' பிளேலிஸ்ட்டும் அப்படியே. ஆல்பத்துக்கு வெள்ளியே நல்லது. பெரிய பெயர்கள் வெளியாகும் வாரம் என்று தெரிந்தால் நாளை மாற்றாமல் வாரத்தை மாற்றுங்கள். சிங்கிளின் வீடியோவை மட்டும் செவ்வாய், புதனில் விடுவதில் தவறில்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

இந்த வேலையில் யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. ஆனால் வெளியீட்டு நாளில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் முளைக்கின்றன.

முதலில் கலைஞரின் பக்கம். ஒரே பெயரில் பல கலைஞர்கள் இருப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் கலைஞரின் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் அடையாள எண்களைக் கொடுக்காமல் பெயரை மட்டும் எழுதினால், ஆல்பம் வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதைத் திருத்த சில நாட்கள் ஆகும். அதற்குள் உங்கள் கலைஞரைப் பின்தொடர்பவர்களுக்குப் போக வேண்டிய அறிவிப்பு போகாமலே முடிந்துவிடும்.

அடுத்தது ஐஎஸ்ஆர்சி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாக உள்ள 12 எழுத்துக் குறியீடு இது. முதல் ஐந்து எழுத்துகள் அதை வழங்கியவரைக் குறிக்கும், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். நேரடிக் கச்சேரிப் பதிவு, ரீமிக்ஸ், வானொலிக்காகச் சுருக்கிய வடிவம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வேண்டும். முழு ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரு பார்கோடு எண். வினைலுக்கும் சிடிக்கும் தனித்தனி எண்கள்.

கவர் 3000க்கு 3000 பிக்சல், சதுரம், ஜேபெக் அல்லது பிஎன்ஜி, ஆர்ஜிபி நிறமுறை. அச்சுக்குச் செய்த சிஎம்ஒய்கே கோப்பை அப்படியே ஏற்றினால் நிறம் மாறிப்போகும், அல்லது கோப்பே திரும்பி வரும். கவரில் இணைய முகவரி, சமூக ஊடகக் கணக்கின் பெயர், விலை, தளங்களின் சின்னம் எதுவும் இருக்கக் கூடாது. கவரில் எழுதியிருக்கும் தலைப்பும் படிவத்தில் உள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

விருந்தினராகப் பாடியவரின் பெயரைப் பாட்டின் தலைப்பில் தட்டச்சு செய்யாமல், அதற்கென உள்ள இடத்தில் சேருங்கள். அப்போதுதான் பாட்டு அவர் பக்கத்திலும் தோன்றும், அவருடைய ரசிகர்களும் பார்ப்பார்கள். பாடல் வரிகளை மியூசிக்ஸ்மேட்ச் என்ற பாடல் வரித் தளம் வழியாக நேரத்தோடு பொருத்தி ஏற்றுங்கள். வரிகள் திரையில் ஓடினால்தான் ரசிகர் அந்த வரியைப் படமெடுத்துப் பகிர்வார்.

ஆல்பத்திலிருந்து எத்தனை சிங்கிள் விடலாம்?

பத்துப் பாட்டு ஆல்பத்துக்கு மூன்று. நான்கு வரை போகலாம். பாதி ஆல்பம் முன்பே வெளியாகிவிட்டால், வெளியீட்டு நாள் வந்தும் ரசிகருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. மிகச் சிறந்த பாட்டை முதல் சிங்கிளாக விடும் வழக்கமும் சரியில்லை என்பது எங்கள் கருத்து. முதல் சிங்கிளுக்குக் கலைஞரின் குரலைச் சட்டென்று அடையாளம் காட்டும் பாட்டு போதும். பலமான பாட்டை ஆல்பம் வெளியாகும் நாளுக்கு வைத்திருங்கள், வீடியோவும் விளம்பரமும் அதற்கே போகட்டும்.

இதில் 'வாட்டர்ஃபால்' என்றொரு முறை உண்டு. இரண்டாவது சிங்கிளை அனுப்பும்போது முதல் சிங்கிளையும் சேர்த்து இரண்டு பாட்டுத் தொகுப்பாக அனுப்புவார்கள், மூன்றாவதில் மூன்று பாட்டு. புதிய பாட்டைக் கேட்க வந்தவர் அடுத்து பழையதையும் கேட்பார். ஒரே ஐஎஸ்ஆர்சி இருந்தால் முதல் சிங்கிளுக்குக் கிடைத்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை ஆல்பத்திலும் தொடரும். தவறு நடப்பது இரண்டு இடங்களில். படிவத்தில் ஐஎஸ்ஆர்சி கட்டத்தைக் காலியாக விட்டால், டிஸ்ட்ரிபியூட்டரின் மென்பொருள் தானாகவே புதிய குறியீட்டைப் போட்டுவிடும். அல்லது சிங்கிளுக்கும் ஆல்பத்துக்கும் இடையில் மாஸ்டரை மாற்றி, பாட்டின் நீளம் சில விநாடிகள் வேறுபட்டிருக்கும். இரண்டு நிலையிலும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென வெளியிட்டால் என்ன?

2013 டிசம்பர் 13 அன்று பியான்சே ஒரு முழு ஆல்பத்தை எந்த அறிவிப்பும் இல்லாமல் ஐடியூன்ஸில் வெளியிட்டு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். செய்தியைத் தாங்களே பரப்பக் கோடிக்கணக்கான ரசிகர்கள் அவருக்குக் காத்திருந்தார்கள். வளரும் கலைஞருக்கு அப்படிச் செய்தால், வெளியானதே யாருக்கும் தெரியாது. தளங்களின் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்குப் பிட்ச் செய்யும் (பாட்டைச் சேர்க்கும்படி முன்மொழியும்) வாய்ப்பும் கைநழுவிப்போகும்.

ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்குப் பிட்ச் எழுதுவது எப்படி?

'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ்' கணக்கில், இன்னும் வெளியாகாத பாட்டை மட்டுமே பிட்ச் செய்ய முடியும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால், நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டு கலைஞரைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடாரில் வரும். எடிட்டர் உங்கள் பாட்டை எடுக்காமல் போனாலும் இந்தப் பலன் உறுதி. அதனால் ஏழு நாளைத் தவறவிடாதீர்கள், மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

விவரம் எழுத 500 எழுத்துக்கு மட்டுமே இடம். இங்கேதான் பலர் 'மனதை உருக்கும்', 'தலைமுறையின் குரல்' போன்ற சொற்களைக் கொட்டி இடத்தை நிரப்புகிறார்கள். எடிட்டருக்குத் தெரிய வேண்டியது மூன்று: பாட்டு எப்படி ஒலிக்கிறது, எதைப் பற்றியது, அதைக் கேட்க வைக்க நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள். இப்படி எழுதலாம்: 'நைலான் கிட்டாரும் ஒற்றை வயலினும் மட்டும். அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலிசெய்யும் மகளின் பாட்டு. முதல் முழு ஆல்பத்தின் மூன்றாவது சிங்கிள். வெளியாகும் அன்றே வீடியோ, அடுத்த வாரம் தொடங்கி ஒன்பது ஊர்களில் கச்சேரி. மெதுவான, குரலை முன்னிறுத்தும் பிளேலிஸ்ட்களுக்குப் பொருந்தும்.' இதில் ஒரு அடைமொழிகூடப் பாட்டைப் புகழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இசைவகை, மனநிலை, வாத்தியங்கள் என்ற கட்டங்களையும் உண்மையாக நிரப்புங்கள். அதிகம் பேர் கேட்கும் வகை என்பதற்காகப் பாப் என்று குறித்தால், பாட்டு பொருந்தாத எடிட்டரின் மேசைக்குப் போய்ச் சேரும். அமேசான் மியூசிக்கிலும் கலைஞர் கணக்கிலிருந்து பிட்ச் செய்யும் வசதி உண்டு. மற்ற தளங்களுக்கு வழக்கமாக டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான், அவர்களுடைய கடைசித் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரீ-சேவ் உண்மையில் பயன் தருமா?

தரும், ஆனால் எதிர்பார்க்கும் வழியில் அல்ல. ப்ரீ-சேவ் செய்தவரின் நூலகத்தில் ஆல்பம் வெளியாகும் அன்றே தானாகச் சேர்ந்துவிடும். அவர் அதைத் திறந்து கேட்பார் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. 30 விநாடியாவது ஓடினால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம். ப்ரீ-சேவ் பக்கத்தில் சம்மதத்தோடு மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிக்கொண்டால், வெளியீட்டு நாளில் அவருக்கு நேரடியாக எழுத முடியும். அதற்காகவே இதைச் செய்யலாம்.

பாட்டைக் கேட்கும் முன் ப்ரீ-சேவ் செய்யச் சொல்லி ஆறு வாரம் நச்சரிப்பது வேண்டாம். அறிவிப்பு நாளில் ஒன்று, ஒவ்வொரு சிங்கிளின்போதும் ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று. போதும்.

எல்லாத் தளங்களுக்கும் ஒரே லிங்க் கொடுப்பது எப்படி?

ஸ்மார்ட் லிங்க் பக்கம் ஒன்றை உருவாக்குங்கள். ரசிகர் எந்தத் தளத்தில் கேட்கிறாரோ அதற்கான பட்டன் அங்கே இருக்கும். உங்கள் ரசிகர்கள் அதிகம் பயன்படுத்தும் தளம் மேலே வரட்டும். ஐந்தாறு பட்டன்களுக்கு மேல் வைத்தால் கைபேசித் திரையில் கீழே இறங்கிப் பார்க்க மாட்டார்கள். நேரடி விற்பனைப் பக்கத்தை அடியில் ஒளித்து வைக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று எனத் தனித்தனி யூடிஎம் குறிகளை முகவரியின் பின்னால் சேருங்கள். யார் எங்கிருந்து வந்தார் என்பது பிறகு தெரியும். எல்லா இடத்திலும் ஒரே முகவரியை ஒட்டிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. குறிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அலுவலகம் முழுக்க ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். ஒருவர் 'இன்ஸ்டா' என்றும் இன்னொருவர் 'ஐஜி' என்றும் எழுதினால் கணக்கு இரண்டாக உடையும்.

மின்னஞ்சலை இன்னும் யாராவது படிக்கிறார்களா?

படிக்கிறார்கள். ஒரு கலைஞரின் பட்டியலில் பெயரைக் கொடுத்தவர் அவரிடமிருந்து கேட்க வேண்டும் என்று விரும்பித்தான் கொடுத்திருக்கிறார். சமூக ஊடகத்தில் உங்கள் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை அந்தத் தளம் முடிவுசெய்கிறது. மின்னஞ்சல் பட்டியல் மட்டும்தான் உங்கள் கையில் இருப்பது. சின்ன லேபிள் ஒன்றுக்கு ஆயிரம் உண்மையான முகவரிகள், ஐம்பதாயிரம் பின்தொடர்பவர்களை விட மதிப்பு என்றே சொல்வோம்.

ஒரு ஆல்பத்துக்கு நான்கு கடிதம் போதும்: அறிவிப்பு, நடுவில் ஒரு சிங்கிள், வெளியீட்டு நாள், மூன்று வாரம் கழித்து ஒன்று. கடிதம் லேபிளின் பெயரில் போகாமல் கலைஞரின் பெயரில் போகட்டும். தலைப்பில் 'புதிய ஆல்பம் வெளியாகிறது!!!' என்று கூவாமல், உள்ளே உள்ளதைச் சொல்லுங்கள்: 'பத்துப் பாட்டும் இன்று வந்துவிட்டன, நான்காவதை முதலில் கேளுங்கள்.' உள்ளே ஐந்தாறு வரி, ஒரு படம், ஒரே ஒரு பட்டன். கச்சேரி, டி-ஷர்ட், வீடியோ, பேட்டி என்று ஏழு லிங்க்குகளை அடுக்கினால் எதையும் சொடுக்க மாட்டார்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். 2021 செப்டம்பர் முதல் ஆப்பிள் மெயில் தனியுரிமை வசதியால், யாரும் திறக்காத கடிதமும் திறந்ததாகப் பதிவாகலாம். எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைப் பாருங்கள்.

எங்கள் கடிதங்கள் ஸ்பாமுக்குப் போகின்றன. ஏன்?

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புபவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்பினால், உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்து வருகிறதா என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) மூன்றும் அமைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பாம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. குறைவாக அனுப்பும் லேபிளும் இவற்றை அமைத்துவிடுவதே நல்லது. இலவச ஜிமெயில் முகவரியிலிருந்து மொத்தமாக அனுப்பாதீர்கள்.

இரண்டு வருடம் சும்மா கிடந்த பட்டியலுக்கு வெளியீட்டு நாளில் திடீரென்று எழுதுவதும் ஆபத்து. பலர் உங்களை மறந்திருப்பார்கள், புகார் பொத்தானை அழுத்துவார்கள். இரண்டு மாதம் முன்னரே சின்னக் குழுக்களாகப் பிரித்து எழுதத் தொடங்குங்கள், ஒரு வருடமாக எதையும் சொடுக்காதவர்களைத் தனியே ஒதுக்குங்கள். விலைக்கு வாங்கிய பட்டியலைத் தொடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள ரசிகர்களைப் பொறுத்தவரை, 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது, எந்தப் பக்கத்தில் சம்மதம் கொடுத்தார் என்ற பதிவு உங்களிடம் இருக்க வேண்டும்.

ரீல்ஸ், டிக்டாக், ஷார்ட்ஸுக்கு என்ன போடுவது?

பாட்டிலிருந்து 15 விநாடித் துண்டுகளாக மூன்று நான்கைத் தேர்ந்தெடுங்கள். பல்லவி மட்டும்தான் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். தனியாக எடுத்தாலும் பொருள் தரும் ஒரு வரி, தாளம் திடீரென்று நின்று திரும்பும் இடம், இவைதான் மற்றவர்கள் தங்கள் வீடியோவுக்கு எடுத்துக்கொள்ளும் இடங்கள். பல டிஸ்ட்ரிபியூட்டர் படிவங்களில் டிக்டாக்குக்கான துண்டு எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டால், பாட்டின் முன்னிசை மட்டும் துண்டாகி, குரல் வருவதற்குள் முடிந்துவிடலாம்.

படப்பிடிப்பை ஒரே நாளில் முடித்துக்கொள்ளுங்கள். கைபேசியைச் செங்குத்தாக வைத்து, ஒரே பாட்டை நான்கு இடங்களில், நான்கு விதமாகப் பாடி எடுத்தாலே ஒரு மாதத்துக்குப் போதுமான துண்டுகள் கிடைக்கும். முதல் இரண்டு விநாடியிலேயே முகமோ குரலோ வந்துவிட வேண்டும். லேபிளின் சின்னம் சுழன்று வரும் தொடக்கத்தை வெட்டி எறியுங்கள்.

ஒரு சிக்கலையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். டிக்டாக்கில் வணிகக் கணக்கு வைத்திருந்தால், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதித்த இசைத் தொகுப்பை மட்டுமே எடுக்க முடியும். லேபிள் தன்னுடைய பாட்டையே தன் கணக்கில் தேடிக் கிடைக்காமல் திண்டாடுவது இதனால்தான். கலைஞரின் சொந்தக் கணக்கிலிருந்து போடுவதே எளிய வழி. பணம் கொடுத்து மற்றவர்களைப் போடச் சொன்னால், கட்டணக் கூட்டு என்ற அடையாளத்தை அவர்கள் கட்டாயம் இட வேண்டும்.

கலைஞருக்குச் சமூக ஊடகமே பிடிக்கவில்லை. என்ன செய்வது?

வற்புறுத்தாதீர்கள். விருப்பமில்லாமல் எடுத்த வீடியோ பார்த்த உடனேயே தெரிந்துவிடும். ஒலிப்பதிவு அறையில் வேலை நடக்கும்போது ஓரமாக ஒரு கேமராவை ஓடவிடுங்கள். டெமோவையும் இறுதி வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கக் கொடுங்கள். கையெழுத்தில் உள்ள பாடல் வரித் தாளைப் படமெடுங்கள். மாதம் ஒரு கடிதம் எழுத அவர் சம்மதித்தால், தினமும் ஒரு ரீல் போடுவதை விட அதுவே அதிகம் பலன் தரும்.

யூடியூபில் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பும் பாட்டுகள் யூடியூபில் 'டாபிக்' என்ற பெயரில் தானாக உருவாகும் சேனலில் போய்ச் சேரும். கலைஞரின் சொந்தச் சேனல் தனியாக இருக்கும். இரண்டையும் இணைத்து 'அஃபிஷியல் ஆர்டிஸ்ட் சேனல்' ஆக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேளுங்கள். அறிவிப்புக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

வீடியோவை 'பிரீமியர்' ஆக வெளியிட்டால் ரசிகர்கள் ஒரே நேரத்தில் கூடிப் பார்த்து, அரட்டையில் பேசுவார்கள். கலைஞர் அந்த நேரத்தில் அரட்டையில் இருந்து பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாதாரணமாக ஏற்றிவிடுவதே மேல். வீடியோ இல்லாத பாட்டுகளுக்கும் எளிய பாடல் வரி வீடியோ செய்து, ஆல்பத்தின் வரிசையிலேயே பிளேலிஸ்ட் ஆக்குங்கள்.

உங்கள் பாட்டு யாருடைய வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பற்றி ஒரு எச்சரிக்கை. பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிந்த பிறகு, கலைஞரின் சேனல், விமர்சகரின் சேனல், நீங்களே கேட்டுக்கொண்டு வீடியோ போட்டவரின் சேனல் எல்லாவற்றுக்கும் உரிமைக்கோரல் தானாகப் போகும். உதவி செய்தவருக்கு முதலில் கிடைப்பது அந்த அறிவிப்பாக இருக்கும். அனுமதிக்க வேண்டிய சேனல்களின் பட்டியலை வெளியீட்டுக்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

விமர்சகர்களுக்கும் இசைப் பத்திரிகைகளுக்கும் எப்போது அனுப்புவது?

ஆறு முதல் எட்டு வாரம் முன்னால். தனிப்பட்ட ஸ்ட்ரீமிங் லிங்க் ஒன்று, அதே பக்கத்தில் இறக்கிக்கொள்ளும் வசதி, உயர்தரப் புகைப்படம் மூன்று, 150 சொல்லில் கலைஞர் குறிப்பு, பாட்டு வரிசை, எந்தத் தேதி வரை வெளியிடக் கூடாது என்ற தெளிவான வரி. இணைப்பாக எம்பி3 அனுப்பாதீர்கள், அஞ்சல்பெட்டி நிரம்பும், கடிதமே திரும்பும். இருநூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதை விட, அந்த இசைவகையை எழுதும் இருபது பேருக்கு, அவர்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரத்துக்குப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

முழுப் பணத்தையும் வெளியீட்டு நாளில் கொட்டாதீர்கள். சிங்கிள்களின்போது கால் பங்கைச் சோதனைக்குச் செலவிடுங்கள். ஒரே பாட்டுக்கு நான்கு வீடியோத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் சமமான சிறு தொகை, மூன்று நாள். ஸ்மார்ட் லிங்க் பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து தளத்துக்கும் போனவர் ஒருவருக்கு எவ்வளவு செலவானது என்று கணக்கிடுங்கள். மலிவாக வந்த துண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துங்கள். வெளியீட்டு வாரத்தில் பாதியைச் செலவிட்டு, மீதிக் கால் பங்கை அடுத்த ஆறு வாரத்துக்கு வைத்திருங்கள்.

இன்ஸ்டாகிராமில் பதிவுக்குக் கீழே உள்ள 'பூஸ்ட்' பொத்தான் எளிது, ஆனால் யாருக்குக் காட்டுவது, எதை இலக்காக வைப்பது என்பதில் உங்களுக்குப் பிடிமானம் குறைவு. இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் 'ஆட்ஸ் மேனேஜர்' கருவியில் விளம்பரத்தை நேரடியாக அமையுங்கள். பார்வை எண்ணிக்கையை இலக்காக வைத்தால் பார்த்துவிட்டு நகர்பவர்களைத்தான் அது தேடித்தரும். பக்கத்தில் பட்டனை அழுத்துபவர்களைத் தேடச் சொல்லுங்கள். முதல் வட்டம், ஏற்கெனவே வீடியோவைப் பார்த்தவர்களும் மின்னஞ்சல் பட்டியலில் உள்ளவர்களும். அதன் பிறகே புதியவர்கள்.

தேர்ந்தெடுத்த பாட்டைப் பரிந்துரைகளில் அதிகம் காட்டும் ஸ்பாட்டிஃபையின் 'டிஸ்கவரி மோட்' முன்பணம் கேட்காது, ஆனால் அதன் வழியாக வரும் ஸ்ட்ரீம்களின் ராயல்டியில் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். கலைஞரின் பங்கும் அதனால் குறையும் என்பதால் அவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

பணம் கொடுத்தால் பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

கூடாது. இடத்தை உறுதி சொல்லிப் பணம் வாங்குவது ஸ்பாட்டிஃபையின் விதிகளுக்கு எதிரானது. அப்படி வரும் ஸ்ட்ரீம்களில் பெரும்பகுதி போலியாக இருக்கும். 2024 முதல், அப்பட்டமான போலி ஸ்ட்ரீம்கள் கண்டுபிடிக்கப்படும் பாட்டுகளுக்கு ஸ்பாட்டிஃபை லேபிள்களிடமும் டிஸ்ட்ரிபியூட்டர்களிடமும் அபராதம் வாங்குகிறது. பாட்டையே நீக்கிவிடும் டிஸ்ட்ரிபியூட்டர்களும் உண்டு. அதே ஆண்டு முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது பெறாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டியும் கிடையாது. அந்த ஆயிரத்தை எட்டிவிடலாம் என்ற ஆசையில்தான் பல சின்ன லேபிள்கள் இந்த வலையில் விழுகின்றன.

யாரையும் அமர்த்தாமலே போலி ஸ்ட்ரீம்கள் வந்து சேர்வதும் உண்டு. கலைஞர் ஒருமுறைகூடப் பாடாத ஏதோ ஒரு நகரத்திலிருந்து திடீரென ஆயிரக்கணக்கில் கேட்பது, ஸ்ட்ரீம் ஏறியும் சேவ் ஏறாமல் இருப்பது, பெயர் தெரியாத ஒரே பிளேலிஸ்ட்டிலிருந்து எல்லாம் வருவது, இவை அறிகுறிகள். திரையைப் படமெடுத்து, தேதியோடு அன்றே டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதுங்கள். நீங்களே முதலில் சொன்னீர்கள் என்ற பதிவு பிறகு உதவும்.

நேரடியாக விற்பதற்குப் பேண்ட்கேம்ப் இன்னும் பொருத்தமா?

ஆல்பத்தை முழுதாகக் கேட்டு வாங்கும் ரசிகர்கள் இருந்தால் மிகப் பொருத்தம். 2008இல் தொடங்கிய அந்தத் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், வினைல், டி-ஷர்ட் போன்ற பொருள்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அந்த நாள் உங்கள் முன்பதிவுக் காலத்துக்குள் வருமா என்று பார்த்துத் திட்டமிடுங்கள். முன்பதிவில் ஒன்றிரண்டு பாட்டை உடனே இறக்கிக்கொள்ளக் கொடுங்கள். வாங்கியவர்கள் சம்மதித்தால் அவர்கள் முகவரியும் உங்கள் பட்டியலில் சேரும்.

வெளியீட்டு நாளில் மணிக்கு மணி செய்ய வேண்டியது என்ன?

பெரும்பாலான தளங்களில் ஆல்பம் அந்தந்த நாட்டின் நள்ளிரவில் திறக்கும். அதனால் நியூசிலாந்தில் முதலில் தெரியும். உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை பிறப்பதற்கு முன்பே அங்கே பார்க்கக்கூடிய ஒருவரைக் கேட்டு, பாட்டு வரிசை, கவர், கலைஞர் பக்கம் எல்லாம் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். தவறிருந்தால் மற்ற நாடுகளில் திறப்பதற்குள் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிக்கச் சில மணி நேரம் கிடைக்கும்.

ஸ்மார்ட் லிங்க்கின் ப்ரீ-சேவ் பட்டன் 'கேளுங்கள்' என்று மாறிவிட்டதா என்று கைபேசியில் அழுத்திப் பாருங்கள். கலைஞரின் எல்லாச் சுயவிவர லிங்க்குகளையும் மாற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் புதிய ஆல்பத்தைக் கலைஞர் பக்கத்தின் மேலே பொருத்துங்கள், பாட்டு ஓடும்போது திரையில் திரும்பத் திரும்ப வரும், 3 முதல் 8 விநாடி நீளமுள்ள கேன்வாஸ் வீடியோவை முக்கியப் பாட்டுகளுக்கு ஏற்றிவிடுங்கள். மின்னஞ்சலை நள்ளிரவில் அனுப்பாமல் காலையில் அனுப்புங்கள். மாலையில் ரசிகர்களோடு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை சேர்ந்து கேட்கும் நேரலை ஒன்று வைத்தால், அதுதான் அன்றைய நாளில் ரசிகர் நினைவில் வைத்திருப்பது.

வெளியான பிறகு எத்தனை நாள் வேலை இருக்கிறது?

குறைந்தது ஆறு வாரம். வெளியான மூன்றாம் நாளே அடுத்த ஆல்பத்துக்குத் தாவிவிடுவதுதான் லேபிள்கள் செய்யும் பெரிய அநியாயம். கலைஞர் இரண்டு வருடம் உழைத்தது அது. ரசிகர்கள் அதிகம் சேவ் செய்த பாட்டு எது என்று இரண்டாம் வாரத்தில் பாருங்கள். அநேகமாக நீங்கள் சிங்கிளாக நினைக்காத ஒன்றாக இருக்கும். அதற்கு ஒரு நேரடி இசைப்பு வீடியோ எடுங்கள், வைத்திருந்த கால் பங்கு விளம்பரப் பணத்தை அதற்குத் திருப்புங்கள். ரசிகர்கள் போட்ட வீடியோக்களைக் கேட்டு அனுமதி வாங்கி மறுபகிர்வு செய்யுங்கள்.

எந்த எண்ணைப் பார்த்து வெற்றியா இல்லையா என்று சொல்வது?

மொத்த ஸ்ட்ரீம் எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. முதல் 28 நாளில் கேட்டவர்களில் எத்தனை பேர் சேவ் செய்தார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை முறை கேட்டார் என்று பாருங்கள். உதாரணமாக, பத்தாயிரம் பேர் தலா ஒருமுறை கேட்ட ஆல்பத்தை விட, இரண்டாயிரம் பேர் தலா ஐந்து முறை கேட்டது நல்ல நிலையில் இருக்கிறது. ஸ்ட்ரீம் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், கச்சேரிக்கு டிக்கெட் வாங்கப்போவது இரண்டாவது கூட்டம். அடுத்து, ஸ்ட்ரீம்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். கேட்பவரின் சொந்த நூலகத்திலிருந்தும் கலைஞர் பக்கத்திலிருந்தும் வந்தவை நிலைக்கும், பிளேலிஸ்ட்டிலிருந்து வந்தவை அந்தப் பட்டியல் மாறும் நாளில் போய்விடும்.

ஆல்பம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. என்ன செய்வது?

பதறி வெளியீட்டுத் தேதியை உடனே முன்னுக்கு இழுக்காதீர்கள். பிட்ச், மின்னஞ்சல், விளம்பரம் எல்லாம் அந்தத் தேதியை ஒட்டி அமைந்தவை. கோப்பு இருக்கும் தளத்துக்கும், தேடல் முடிவில் தெரிந்தால் கூகுளுக்கும், காப்புரிமை நீக்கக் கோரிக்கை அனுப்புங்கள். விமர்சகர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாட்டர்மார்க் போட்ட கோப்பு கொடுத்திருந்தால், எங்கிருந்து கசிந்தது என்று தெரியும். ஒரே லிங்க்கை எல்லோருக்கும் கொடுத்திருந்தால் அதை அன்றே மூடிப் புதியதை அனுப்புங்கள். கசிந்த கோப்பைப் பற்றிக் கலைஞரின் கணக்கில் கோபமாக எழுதினால், தெரியாதவர்களும் தேடிப் போவார்கள். அதற்குப் பதிலாக அடுத்த சிங்கிளை ஓரிரு வாரம் முன்னால் விடலாமா என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேளுங்கள், பாட்டு முன்பே அவர்களிடம் இருப்பதால் பெரும்பாலும் முடியும். ஆனால் பிட்ச்சுக்கான ஏழு நாள் இடைவெளி மட்டும் மிஞ்ச வேண்டும்.